பல்கலைக்கழக அணுசக்தி ஆராய்ச்சிக்கு நிதி: அரசு கருத்துக் கேட்டால் நம் தோட்டப்புற ஊர்கள் எழுதுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட் பக்கம் அணுசக்தி என்று பேச்செடுத்தால் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது புக்கிட் மேராதான். 1982இல் அங்கே, லஹாட் அருகே இயங்கத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலை, ஈயச் சுரங்கங்களில் மிஞ்சிய அமாங் மணலிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுத்தது. கூடவே தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கழிவும் சேர்ந்தது. அது மின் நிலையமும் அல்ல, அணு உலையும் அல்ல. ஆனாலும் கதிர்வீச்சு என்ற சொல்லைப் பேராக் மக்களின் வீட்டுக்குள் கொண்டுவந்தது அந்த ஆலைதான். 1985இல் ஊர்மக்கள் ஈப்போ உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1992இல் வென்றார்கள். 1993 இறுதியில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 1994 தொடக்கத்தில் நிறுவனமே ஆலையை மூடியது.

அந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. மண்ணிலும் காற்றிலும் கதிர்வீச்சு எவ்வளவு என்று மக்கள் தரப்பில் நின்று சொல்ல ஜப்பானிலிருந்து பேராசிரியர் சடாவோ இச்சிகாவா வந்தார். கனடாவில் பணியாற்றிய ரோசலி பெர்டெல் வந்தார். நம் வாசல் மண்ணை அளந்து, யாருக்கும் பயப்படாமல் கணக்குச் சொல்ல, கடல் தாண்டி ஆள் வரவேண்டியிருந்தது. பல்கலைக்கழக ஆராய்ச்சி நிதியைப் பற்றித் தோட்டப்புறத்து ஊர்களும் பேச வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஆலை கட்டுபவரிடமும் அனுமதி கொடுப்பவரிடமும் சம்பளம் வாங்காத நிபுணர்கள் ஒரு நாட்டில் இருக்க வேண்டுமென்றால், அவர்கள் பல்கலைக்கழகத்தில்தான் உருவாக வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் எந்தக் கேள்விக்குப் போகிறது என்பதில் நமக்கும் பேச்சு இருக்க வேண்டும்.

இப்போது ஏன்? 2025 ஜூலை 31 அன்று நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட 13ஆவது மலேசியத் திட்டம் அணுசக்தியை மீண்டும் பேச்சுக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆயத்த வேலைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அரசின் மைபவர் நிறுவனத்திடம் தரப்பட்டிருக்கிறது. அனைத்துலக அணுசக்தி முகமை, அணு மின்சாரத்தை நினைக்கும் எந்த நாடும் 3 கட்டங்களில் 19 விஷயங்களைச் சரிசெய்ய வேண்டும் என்று வரையறுத்துள்ளது. ஆள்பலத்தை உருவாக்குவது, கதிரியக்கக் கழிவு, பொதுமக்களின் பங்கேற்பு ஆகிய மூன்றும் அந்த 19இல் அடக்கம். ஆகவே நம்மிடம் கேட்பது அரசு செய்யும் தயவு அல்ல. கேட்டாக வேண்டிய ஒன்று. கேட்கும் நாளில் நம் கையில் பதில் தயாராக இருக்க வேண்டும். நான்கு வாரக் கெடுவில் நின்றுகொண்டு ஆரம்பித்தால் நேரம் போதாது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அணு உலை வேண்டவே வேண்டாம் என்பவரும் இதை எழுதலாம், வரட்டும் என்பவரும் எழுதலாம். அவசரப்பட்டுக் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பல்கலைக்கழகங்கள் இந்தத் துறையில் வலுப்பெற வேண்டும் என்பதிலோ எனக்குச் சிறிதும் ஐயமில்லை. உலை வராவிட்டாலும் புதைத்த கழிவு அங்கேயேதான் இருக்கும். அளக்கத் தெரிந்தவர் எப்படியும் தேவை.

முதல் படி: எதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று பிரித்துப் படியுங்கள்

அரசுத் தாள் ஒன்று கைக்கு வந்ததும் உணர்ச்சியோடு பதில் எழுத உட்காராதீர்கள். அது என்ன வகைத் தாள் என்று பாருங்கள். ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் கேட்கும் அறிவிப்பு என்றால் அது பேராசிரியர்களுக்கு உரியது. ஓர் இடத்தில் ஆலை கட்டுவது குறித்த சுற்றுச்சூழல் அறிக்கை என்றால் அதற்கு வேறு சட்டமும் வேறு கெடுவும் உண்டு. ஆராய்ச்சிப் பணத்தை எந்தத் துறைக்கு, எந்த முறையில், யாருக்குத் தரலாம் என்று கொள்கை அளவில் கருத்துக் கேட்பது மூன்றாவது வகை. நம் வேலை இந்த மூன்றாவதில்தான்.

இப்படிக் கேட்பதில் நெடுநாள் பழக்கமுள்ள நாடு அமெரிக்கா. அங்கே எரிசக்தித் துறையின் அணுசக்தி அலுவலகம், பல்கலைக்கழகங்களுக்கென்று தனித் திட்டம் ஒன்றை 2009 முதல் நடத்துகிறது. அந்த அலுவலகத்தின் ஆராய்ச்சி நிதியில் 20 விழுக்காடு வரை பல்கலைக்கழகங்களுக்குப் போகலாம் என்பது அதன் அடிப்படை. ஐடஹோ தேசிய ஆய்வகத்தின் வழியாக நிர்வாகம் நடக்கிறது. இதுவரை கொடுத்தது 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. எந்தத் தலைப்புகளுக்குப் பணம் தரலாம், திட்டத்தை எப்படி மாற்றலாம் என்று முடிவெடுக்கும் முன் தகவல் கோரும் அறிவிப்பு ஒன்றை வெளியிட்டு, எண்ணிட்ட கேள்விகளுக்குப் பதில் கேட்பது அங்குள்ள நடைமுறை. பதில் அனுப்பினால் பணம் கிடைக்காது. அடுத்து பணம் போகும் திசையில் அதற்கு ஒரு பங்கு உண்டு, அவ்வளவுதான்.

அந்தத் திட்டம் பணத்தை மூன்று வாய்க்காலாகப் பிரிக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஆராய்ச்சிக்கு ஒன்று, ஆய்வகக் கருவிகளுக்கும் பல்கலைக்கழக உலைகளுக்கும் ஒன்று, மாணவர் உபகாரச் சம்பளத்துக்கு ஒன்று. நாம் எழுதும்போது இந்தப் பிரிவு மிகவும் உதவும்.

நம் நாட்டில் பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் உயர்கல்வி அமைச்சு வழியாக வருகிறது. எஃப்ஆர்ஜிஎஸ் எனப்படும் அடிப்படை ஆராய்ச்சி மானியம் அதில் பலரும் அறிந்தது. அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சிடமும் தனி நிதிகள் உண்டு. சட்டம், கொள்கை தொடர்பான பொது ஆலோசனைகளை ஒரே இடத்தில் போடுவதற்காக மலேசிய உற்பத்தித்திறன் கழகம் ஒருங்கிணைந்த பொது ஆலோசனைத் தளம் ஒன்றை நடத்துகிறது. யுபிசி என்பார்கள். ஊரில் கணினி தெரிந்த ஒரு பிள்ளையிடம் சொல்லி, மாதம் இருமுறை அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாளைப் படிக்கும்போது நான்கு இடங்களில் கோடு போடுங்கள்: கடைசி நாள், கேள்வி எண்கள், பக்க வரம்பு, நம் பதில் பெயரோடு வெளியிடப்படுமா இல்லையா. நான்காவதைப் பலர் பார்ப்பதில்லை. வேலைக்கோ வீட்டுக்கோ தோட்ட நிர்வாகத்தை நம்பியிருப்பவர் தம் பெயர் வெளியே வருவதை விரும்பாமல் இருக்கலாம். அப்படியானால் சங்கத்தின் பெயரில் எழுதுவது நல்லது.

இரண்டாம் படி: நம்மிடம் ஏற்கெனவே இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

"மலேசியாவில் அணு உலையே கிடையாது" என்று எழுதி அனுப்பினால் அந்தப் பதிலின் மதிப்பு அங்கேயே போய்விடும். ஒன்று இருக்கிறது. காஜாங்கை அடுத்த பாங்கியில், மலேசிய அணுசக்தி முகமை வளாகத்தில் உள்ள திரிகா புஸ்பாத்தி ஆராய்ச்சி உலை 1982 ஜூன் 28 அன்று இயங்கத் தொடங்கியது. அதன் வெப்பத் திறன் 1 மெகாவாட். மின்சாரம் தயாரிப்பதில்லை, பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் கதிரியக்க ஓரிடத்தான்கள் தயாரிக்கவும் பயன்படுகிறது. பெரிய மின் உலை ஒன்று ஏறக்குறைய 1000 மெகாவாட் மின்சாரம் தரும். இப்போது அதிகம் பேசப்படும் சிறு உலைகள் ஒவ்வொன்றும் 300 மெகாவாட் வரை. இந்த மூன்று எண்களும் மனத்தில் இருந்தால், கூட்டத்தில் யாராவது பாங்கி உலையைச் செர்னோபிலோடு சேர்த்துப் பேசும்போது பொறுமையாக விளக்கலாம்.

1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம், அதாவது சட்டம் 304, இந்தத் துறைக்கு அடிப்படைச் சட்டம். உரிமம் கொடுத்துக் கண்காணிப்பது முன்பு உரிம வாரியமாக இருந்து இன்று ஆத்தோம் மலேசியா என்று அறியப்படும் துறை. ஆராய்ச்சி செய்வது மலேசிய அணுசக்தி முகமை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கண்காணிப்பவரும் வளர்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பதுதான் பாதுகாப்பின் முதல் விதி.

பல்கலைக்கழகங்களில், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் அணு அறிவியலைப் பல்லாண்டுகளாகக் கற்பித்துவருகிறது. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அணுப் பொறியியல் உண்டு. யூனித்தென் எனப்படும் தேசிய எரிசக்திப் பல்கலைக்கழகத்தில் அணுசக்திக் கழகம் இருக்கிறது.

அணு ஆராய்ச்சி என்றால் மின்சாரம் மட்டுமே என்ற எண்ணத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மருத்துவப் பொருள்களைக் கோபால்ட்-60 கதிரால் கிருமிநீக்கம் செய்யும் நிலையம் பாங்கியில் இயங்குகிறது. கந்தகம் சேர்க்காமல் கதிர்வீச்சாலேயே ரப்பர் பாலைப் பதப்படுத்தும் முறையிலும் அங்கே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. காமா கதிரால் மாற்றம் பெற்ற நொவாரியா என்ற சீக்கிரம் பூக்கும் வாழை, 1995இல் மலேசியாவில் வெளியானது. பால்மரம் வெட்டிய கைகளுக்கும் வாழை நட்டவர்களுக்கும் இந்த ஆராய்ச்சி தூரத்து விஷயம் இல்லை.

மூன்றாம் படி: அனுபவத்தைக் கேள்வியாக மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். அரசுக்கு வரும் கருத்துகளில் பெரும்பாலானவை "ஆதரிக்கிறேன்", "எதிர்க்கிறேன்" என்ற இரண்டே வகை. எண்ணிவிட்டு ஓரமாக வைக்க அவை வசதியானவை. ஓர் ஆராய்ச்சிக் கேள்வியை அப்படி ஓரமாக வைக்க முடியாது. "இதற்குப் பதில் யாரிடம் இருக்கிறது?" என்று அந்த அதிகாரியும் யோசித்தே ஆக வேண்டும்.

முதல் எடுத்துக்காட்டு, முன்னளவு, அதாவது ஆலை வருவதற்கு முன்பே எடுத்துவைக்கும் கதிர்வீச்சு அளவு. கிந்தா பள்ளத்தாக்கில் கிரானைட் பாறையும் அமாங் மணலும் அதிகம். அதனால் இயற்கையான கதிர்வீச்சே இங்கே நாட்டின் சராசரியை விடக் கூடுதல். உலக அளவில் ஒரு மனிதருக்கு இயற்கையிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு சேர்கிறது. இயற்கையில் வருவதற்கு மேல், தொழில்களால் பொதுமக்களுக்குச் சேரக்கூடியதற்கு அனைத்துலக வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். இப்போது யோசியுங்கள். ஓர் ஊரில் ஆலை வந்த பிறகு அளந்தால், அளவில் எவ்வளவு மண்ணுடையது, எவ்வளவு ஆலையுடையது என்று எப்படிப் பிரிப்பது? ஆலை வருவதற்கு முன்பே அளந்து எழுதிய கணக்கு இருந்தால்தான் முடியும். அது இல்லாத ஊரில் ஆலைக்காரர் "இது உங்கள் மண்ணிலேயே இருந்தது" என்பார். ஊர்க்காரர் "நீ கொண்டுவந்தது" என்பார். இருவரிடமும் சான்று இருக்காது. புக்கிட் மேராவிலிருந்து நாம் கேட்டுப் பெற வேண்டிய பாடம் இதுவே. ஆகவே நம் முதல் கோரிக்கை: எந்த இடமும் தேர்வாவதற்கு முன்பே, நாடு முழுதும், குறிப்பாகப் பழைய ஈயச் சுரங்க வட்டாரங்களில், மண், கிணற்று நீர், ஆற்று மீன், காய்கறி ஆகியவற்றின் முன்னளவைப் பல்கலைக்கழகங்கள் எடுத்து வெளியிட நிதி வேண்டும்.

இரண்டாவது, கழிவு. தோரியம்-232 பாதியாகக் குறைய ஏறக்குறைய 1400 கோடி ஆண்டு ஆகும். புக்கிட் மேரா ஆலையின் கழிவு ஈப்போவுக்கு மேற்கே கிளெடாங் மலைத்தொடரில் புதைக்கப்பட்டது. நம் வெப்ப மண்டல மழையில், ஈர மண்ணில், அத்தகைய புதைப்பிடங்கள் காலப்போக்கில் எப்படி நடந்துகொள்ளும்? குளிர் நாட்டு ஆய்வுகளை அப்படியே எடுத்துவந்து பொருத்த முடியுமா? கழிவு ஆராய்ச்சியில் இளம் ஆய்வாளர்களுக்குப் பெயர் கிடைப்பது குறைவு. புது உலை வடிவமைப்பில்தான் கவர்ச்சி. அதனால் கழிவுக்கென்று நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கும்படி கேட்பது நியாயம்.

மூன்றாவது, ஒப்பந்தத் தொழிலாளர். தோட்டத்தில் மருந்து தெளித்த பெண்களுக்கு என்ன மருந்து, எவ்வளவு ஆபத்து என்று யார் சொன்னார்கள்? அந்த அனுபவம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கதிர்வீச்சு உள்ள இடங்களில் துப்புரவுக்கும் மூட்டை தூக்கவும் எடுக்கப்படும் ஒப்பந்த ஆள்களின் கதிரளவுப் பதிவு, ஒப்பந்தம் முடிந்த பிறகு யார் கையில் இருக்கும்? இது பொறியியல் கேள்வி அல்ல. தொழிலாளர் நலம், பொதுச் சுகாதாரம் படிப்பவர்களின் கேள்வி. அவர்களுக்கும் அணு ஆராய்ச்சி நிதியில் இடம் வேண்டும் என்று எழுதலாம்.

நான்காவது, அவசர காலத்தில் எந்த மொழியில் அறிவிப்பது, யாரை எப்படி வெளியேற்றுவது என்பது. லயத்தில் தனியாக இருக்கும் மூதாட்டிக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தி போதாது. இதுவும் ஆராய்ச்சிதான்.

இடையில் ரப்பர் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், ஏற்றுமதி ரப்பர் மீது பிடித்த வரியில் நடந்தது. அதாவது நம் தாத்தா பாட்டி விடியற்காலையில் வெட்டிய பாலிலிருந்து ஒவ்வொரு துளியாக அந்தப் பணம் சேர்ந்தது. ஆர்ஆர்ஐஎம் 600 என்ற உயர்ந்த ரகம் அந்தக் கழகத்திலிருந்தே வந்தது. மரத்துக்கும் நாட்டுக்கும் நன்மைதான். ஆனால் வெட்டுக்காரரின் முதுகுவலியை, கண் எரிச்சலை, கொசுக்கடியை ஆராய வேண்டும் என்று வெட்டுக்காரரிடம் யாரும் கருத்துக் கேட்டதாக நான் எந்தத் தோட்டத்திலும் கேள்விப்பட்டதில்லை. பணம் கொடுத்தவரே கேள்வி கேட்கும் இடத்தில் இல்லாமல் போனார். இன்று நாம் கட்டும் வரியிலிருந்து போகும் ஆராய்ச்சிப் பணத்தில் அந்த நிலை திரும்பக் கூடாது.

நான்காம் படி: ஊரைக் கூட்டுங்கள்

பெரிய மண்டபம் வேண்டாம். கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலோ ஞாயிறு மாலை இருபது பேர் வந்தால் போதும். பள்ளி என்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள். மூவகை ஆள்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: பழைய தலைமுறையில் சுரங்கத்திலோ தோட்டத்திலோ வேலை செய்தவர், இப்போது ஆலையில் ஷிப்ட் வேலை செய்பவர், ஆறாம் படிவத்திலோ மெட்ரிகுலேஷனிலோ அறிவியல் படிக்கும் பிள்ளை.

தொடக்கத்தில் பத்து நிமிடம் மட்டும் விளக்கம். பிறகு கேட்க மட்டும் செய்யுங்கள். "அம்மா, நீங்க பாபான் பக்கம் இருந்தப்ப என்ன நடந்துச்சு?" என்று ஒருவரிடம் கேட்டால் கூட்டமே திறந்துகொள்ளும். பாபானில் 1984இல் ஏசியன் ரேர் எர்த் ஆலையின் கழிவுக் கிடங்குக்கு எதிராக மக்கள் திரண்டதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே, அவர்கள் பேசும் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் போடலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் போடாதீர்கள்.

வாக்குவாதம் வரும். "அண்ணே, கரண்டு பில்லு ஏறிக்கிட்டே போகுது, இது வந்தாவது குறையாதா?" என்று ஒரு தம்பி கேட்பார். அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். அதுவும் ஓர் ஆராய்ச்சிக் கேள்வி: கட்டுமானச் செலவு, கழிவைப் பாதுகாக்கும் செலவு, ஆயுள் முடிந்து உலையைப் பிரிக்கும் செலவு அனைத்தும் சேர்த்தால் ஒரு யூனிட் மின்சாரம் என்ன விலை? மின்சார நிறுவனம் சொல்லும் கணக்கைச் சரிபார்க்க ஒரு பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை வேண்டும் அல்லவா? அப்படி எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எழுதுங்கள்

ஒரு கேள்விக்கு ஒரு பதில். ஒரு பதிலில் மூன்று பகுதி: எங்களுக்கு நேர்ந்தது, அதனால் நாங்கள் கேட்பது, அதைக் கேட்பதற்குக் காரணம். நீண்ட முன்னுரை வேண்டாம். மாண்புமிகு அமைச்சருக்கு வணக்கம் சொல்லி அரைப் பக்கம் செலவிட்டால், படிப்பவர் அங்கேயே சோர்ந்துவிடுவார்.

"பல்கலைக்கழக அணு ஆராய்ச்சியில் எந்தத் துறைகளுக்கு முன்னுரிமை?" என்று ஒரு கேள்வி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் பதில் இப்படி இருக்கலாம்:

"நாங்கள் பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வாழும் தோட்டப்புறக் குடும்பங்கள். எங்கள் மாநிலத்தில் தோரியம் கலந்த தொழிற்கழிவு குறித்து நீண்ட வழக்கு நடந்தது. ஆலைக்கு முந்தைய கதிரளவு பொதுமக்கள் கையில் இருந்திருந்தால் அந்தப் பூசலில் பாதி குறைந்திருக்கும் என்று கருதுகிறோம்.

எனவே புதிய நிதியில் ஒரு பகுதியை முன்னளவு ஆய்வுக்கு ஒதுக்குமாறு கேட்கிறோம். அந்த ஆய்வை ஒன்றுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் தனித்தனியே செய்து ஒப்பிட வேண்டும். அளவுகள் அனைத்தும் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும்.

உலை பற்றி அரசு எந்த முடிவு எடுத்தாலும் இந்தத் தரவு வீணாகாது. சுரங்க நிலத்தில் வீடு கட்டவும், அரிய மண் தொழிலைக் கண்காணிக்கவும் இதே அளவு பயன்படும்."

கடைசிப் பத்தியைக் கவனியுங்கள். நாம் கேட்பது அரசுக்கும் எப்படிப் பயன்படும் என்று அதில் சொல்லியிருக்கிறோம். ஒரு கோரிக்கையை மேலிடத்துக்கு எடுத்துச் செல்லும் அதிகாரிக்குக் கையில் பிடிக்க ஒரு கைப்பிடி வேண்டும்.

நிதியின் வடிவத்தைப் பற்றிய கேள்விகளுக்கு, முன்பு சொன்ன மூன்று வாய்க்காலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி வாய்க்காலில், இரண்டு மூன்று ஆண்டு மானியம் கதிர்வீச்சுக் கண்காணிப்புக்குப் பொருந்தாது என்று சொல்லுங்கள். ஒரே கிணற்றைப் பத்து ஆண்டு தொடர்ந்து அளந்தால்தான் பொருள் உண்டு. தொழில் நிறுவனங்களிடமிருந்தும் பணம் வாங்கும் ஆய்வாளர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பதையும் இதிலேயே சேருங்கள்.

கருவி வாய்க்காலில், ஆய்வகங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே குவிந்துவிடாமல், பேராக்கிலும் பகாங்கிலும் அளக்கும் வசதி வேண்டும் என்று கேளுங்கள். குவாந்தான் அருகே கேபேங்கில் 2012 முதல் அரிய மண் ஆலை இயங்குகிறது. அங்குள்ள மக்களுக்கும் அருகிலேயே ஓர் ஆய்வகம் தேவை. பாங்கி உலைக்கு 40 வயது தாண்டிவிட்டது. அதன் பராமரிப்புக்கும் பிறகு அதைப் பாதுகாப்பாகப் பிரிப்பதற்கும் இப்போதே ஆள் பயிற்ற வேண்டும். அந்தப் பயிற்சியே நாட்டுக்குப் பெரிய சொத்து.

உபகாரச் சம்பள வாய்க்கால்தான் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. எஸ்.டி.பி.எம். இயற்பியலில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, வீட்டுச் சூழலால் கடை வேலைக்குப் போன பிள்ளைகள் நம் ஊரில் உண்டு. அணுத் துறை உதவித்தொகையில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் தனி இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். விடுமுறையில் ஆய்வகத்தில் சம்பளத்தோடு பயிற்சி கேளுங்கள்; தங்குமிடச் செலவைத் தராத பயிற்சி நம் பிள்ளைகளுக்கு எட்டாது. பால்மரத்தடியில் வளர்ந்த ஒரு பெண் நாளை கதிர்வீச்சு அளவியல் படித்துவிட்டு அதே ஊருக்குக் கருவியோடு வந்து நின்றால், ஊர் அவள் சொல்லும் எண்ணை நம்பும். எத்தனை விளக்கக் கூட்டம் போட்டாலும் அரசுக்கு அந்த நம்பிக்கை கிடைக்காது.

எழுதும்போது தவிர்க்க வேண்டியவை: சரிபார்க்க முடியாத நோய்க் கணக்கு, வாட்ஸ்அப்பில் வந்த படம், யாரோ ஒருவர் மீது குற்றச்சாட்டு. ஓர் எண் தவறாக இருந்தால், அருகில் உள்ள நான்கு உண்மைகளும் சேர்ந்து அடிபடும்.

ஆறாம் படி: மலாயில் ஆக்கி ஒப்படையுங்கள்

தமிழில் யோசித்து, தமிழில் முடித்து, பிறகு மலாயில் ஆக்குங்கள். முதலிலேயே மலாயில் எழுத உட்கார்ந்தால், பேசத் தெரிந்தவர் ஒதுங்கிவிடுவார், எழுதத் தெரிந்தவர் மட்டும் மிஞ்சுவார். மொழிபெயர்க்கும் பிள்ளையிடம் சில சொற்களை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்: கருத்துரைக்கு மாக்லும் பாலாஸ், ஆராய்ச்சி நிதிக்கு டானா பென்யெலிடிக்கான், கதிரியக்கக் கழிவுக்குச் சிசா ரேடியோஆக்டிஃப். மலாய் வடிவம் தயாரானதும், அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லி, முதலில் பேசிய பெரியவர்களிடம் சரிபாருங்கள்.

ஒப்படைக்கும்போது அரசு கொடுத்த கேள்வி எண்ணையே போடுங்கள். அமைப்பின் பெயர், எத்தனை குடும்பங்கள் சார்பாக, தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல், இவை போதும். அடையாள அட்டை எண்ணைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்கான பதிலைச் சேமித்து, ஒரு அச்சுப் பிரதியைச் சங்கக் கோப்பில் வையுங்கள்.

ஒரே மாதிரிக் கடிதத்தை நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்புவதை விட, ஐந்து ஊர்கள் ஐந்து வெவ்வேறு அனுபவங்களை எழுதுவது பலமானது. சுங்கை சிப்புட் அமாங்கைப் பற்றி எழுதட்டும்; தெலுக் இந்தான் ஆற்று நீரைப் பற்றி எழுதட்டும்; போர்ட்டிக்சன் கடலோரத்தைப் பற்றி எழுதட்டும்.

ஏழாம் படி: அனுப்பிய பிறகு

பிரதி ஒன்றை நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். இன்னொன்றை மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு. மூன்றாவது பிரதி, பலரும் நினைக்காத இடத்துக்கு: அருகில் உள்ள பல்கலைக்கழகத்தில் இயற்பியல் அல்லது சுற்றுச்சூழல் அறிவியல் கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவருக்கு. மானியத்துக்கு விண்ணப்பிப்பவர் அவர்தான். "இந்த ஊர் இந்தக் கேள்வியைக் கேட்கிறது, மாதிரி எடுக்க ஊர்மக்கள் ஒத்துழைப்பார்கள்" என்ற கடிதம் கையில் இருந்தால், அவருடைய விண்ணப்பமும் வலுப்பெறும். நம் கேள்விக்கும் ஓர் ஆள் கிடைப்பார்.

ஆலோசனையின் முடிவறிக்கை வரும்போது, நம் பதிலை அருகில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். மூன்று நிறத்தில் குறியிடலாம்: ஏற்றது, மறுத்தது, குறிப்பிடவே இல்லாதது. மறுத்ததற்குக் காரணம் சொல்லியிருந்தால், அடுத்த முறை அந்தக் காரணத்துக்குப் பதில் எழுதலாம். குறிப்பிடவே இல்லாதவற்றை மட்டும் ஒரு பக்கத்தில் எடுத்தெழுதி, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுத்து, அடுத்த கூட்டத்தொடரில் எழுத்துபூர்வக் கேள்வியாக எழுப்பச் சொல்லுங்கள். அமைச்சு அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். அந்தப் பதிலையும் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.